நெடுந்தூர ஓட்டமும் நடுவுடல் வலிமையும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் ஏலமும் நிறைந்த பழைய பண்டகசாலைகளின் வாயிலில், சுமைத் தொழிலாளர் மூட்டைகளை ஏற்றி இறக்குவதைக் காணலாம். தலையில் பாரத்தைத் தாங்கிய தொழிலாளியின் கால்கள் விரைந்து நடக்கின்றன. கழுத்தும் முதுகும் இடுப்புமோ நட்ட கம்பம்போல் நேராக நிற்கின்றன. அருகிலுள்ள கோட்டைக் கொச்சிக் கரையில், கற்களை எதிர்ப்பாரமாகக் கட்டிய சீன வலைகளை மீனவர் பலர் கூடிக் கயிறு பிடித்து இழுத்து உயர்த்துகின்றனர். வெளி என்னும் பகுதியிலுள்ள சலவைத் துறையில், தலைமுறைகளாக அங்கு வாழும் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் கல்லில் துணி அறைந்து துவைக்கின்றனர். இம்மூன்று தொழில்களிலும் கண்ணுக்குத் தெரிவது கை கால்களின் அசைவு. அவ்வசைவுக்கு ஆதாரமாக நிற்பது நடுவுடலின் உறுதி.

நெடுந்தூர ஓட்டக்காரருக்கும் இவ்வுறுதி தேவை என்பது பள்ளி விளையாட்டுத் திடல்களில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் ஒரு மாணவனின் தோள்கள் முன்னே சரிகின்றன, இடுப்பு தாழ்கிறது, அடிகள் தடுமாறுகின்றன. அவனுக்கு மனத்திடம் போதாது என்று ஆசிரியர் முடிவு செய்துவிடுகின்றார். உண்மையில் அவனிடம் குறைவது மனத்திடமாக இல்லாமல், உடலை நிமிர்த்தி வைக்கும் தசைகளின் வலிமையாக இருக்கலாம். அக்குறை பயிற்சியால் நீங்கக்கூடியது.

நடுவுடலின் வேலை

மார்புக்கூட்டின் அடிப்பகுதி முதல் இடுப்பெலும்பு வரையுள்ள பகுதியை இங்கு நடுவுடல் என்று கொள்ளலாம். இதனை நாற்புறமும் தசையால் மூடிய ஒரு பீப்பாய்க்கு ஒப்பிடுவது பொருந்தும். முன்புறத்தில் நேர் வயிற்றுத் தசையும், பக்கங்களில் சாய்தசைகளும், அவற்றுக்கு உட்புறமாகக் குறுக்குத் தசையும், பின்புறத்தில் முதுகை நிமிர்த்தும் தசைகளும் அமைந்துள்ளன. மேல்மூடியாக உதரவிதானமும், அடித்தட்டாக இடுப்புத்தளத் தசைகளும் விளங்குகின்றன. இவை யாவும் ஒருங்கே இறுகும்போது, தனித்து நிற்க வலிமையற்ற முதுகெலும்பு உறுதியான தூணாகிறது.

ஓடும்போது எந்த நேரத்திலும் ஒரு காலுக்கு மேல் தரையைத் தொடுவதில்லை. பாதம் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை மேல்நோக்கி எழுகிறது. அவ்வேளையில் இடுப்பின் மறுபக்கம் கீழே சாயாமலும், மார்பு பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளாமலும் தடுப்பது நடுவுடல், இடுப்புத் தசைகளின் கடமையாகும். மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். ஓரடிக்கு ஒரு மீட்டர் எனக் கணக்கிட்டால், இக்கடமை 42,000 முறைக்கு மேல் நிறைவேற்றப்பட வேண்டும். ஒவ்வோர் அடியிலும் சிறிதளவு சக்தி வீணானாலும், முடிவில் அது பெரும் இழப்பாகிவிடும்.

மூளையும் இவ்வுண்மையை அறிந்தே செயற்படுகிறது. ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்ஸன் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒருவர் கையை உயர்த்துமுன்னரே அவருடைய வயிற்றின் குறுக்குத் தசை இறுகத் தொடங்குவது பதிவாயிற்று. தோள் தசை அதன் பின்னரே இயங்கியது. முதுகுவலி உடையோரிடத்தில் இம்முன்னேற்பாடு தாமதப்பட்டது. முதலில் ஆதாரம், பிறகு அசைவு என்பதே உடலின் இயற்கை நியதி.

கேரளத்தின் சுண்டன் வள்ளங்களிலும் இதனைக் காணலாம். துடுப்பு நீரை இழுக்கும் விசை, அமர்ந்திருப்பவரின் நடுவுடல் வழியாகவே வள்ளத்தைச் சென்றடைகிறது. நடுவுடல் தளர்ந்தால் தோளின் முயற்சி வள்ளத்துக்கு முழுமையாகப் பயன்படுவதில்லை. கொச்சிக்குத் தெற்கே ஆலப்புழையில் 2024-ஆம் ஆண்டு நடந்த நேரு கோப்பைப் பந்தயத்தில் காரிச்சால் வள்ளம் 4 நிமிடம் 29.785 விநாடியிலும், வீயபுரம் வள்ளம் 4 நிமிடம் 29.790 விநாடியிலும் எல்லையை அடைந்தன. வெற்றியையும் தோல்வியையும் பிரித்தது ஒரு விநாடியின் ஆயிரத்தில் 5 பங்கு. இத்தகைய பந்தயத்தில் வீணாகும் சிறு விசையும் கணக்கில் சேரும்.

வலிமைப் பயிற்சி ஓட்டத்தை மந்தப்படுத்துமா?

பளு தூக்கினால் உடல் பருத்து ஓட்டம் மந்தமாகும் என்னும் அச்சம் நெடுங்காலமாக நிலவி வந்தது. ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் பெர்ஸி செருட்டி இதனை ஏற்கவில்லை. அவர் தம் மாணவர் ஹெர்ப் எலியட்டைக் கடற்கரை மணல்மேடுகளில் ஓடவும் பளு தூக்கவும் பழக்கினார். எலியட் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் பந்தயத்தில் 1,500 மீட்டர் தூரத்தை 3 நிமிடம் 35.6 விநாடியில் ஓடி உலக சாதனை புரிந்தார்.

ஒருவரின் வெற்றி மட்டும் விஞ்ஞானச் சான்று ஆகாது. பின்லாந்தில் பாவோலைனென் முதலிய ஆராய்ச்சியாளர் தேர்ந்த ஓட்டக்காரர் 18 பேரை இரு குழுக்களாகப் பிரித்து 9 வாரம் பழக்கி, முடிவுகளை 1999-இல் வெளியிட்டனர். ஒரு குழுவின் பயிற்சி நேரத்தில் 32 சதவீதம் குதித்தல், விரைந்து ஓடுதல், பளுவை வேகமாகத் தள்ளுதல் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. மற்றக் குழுவுக்கு அது 3 சதவீதமே. மொத்தப் பயிற்சி நேரம் இரு குழுக்களுக்கும் சமம். முதற்குழுவினரின் 5 கிலோமீட்டர் ஓட்ட நேரம் 3.1 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும், அவர்கள் உட்கொள்ளக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு உயரவில்லை. உயர்ந்தது ஓட்டச் சிக்கனமே. அதாவது, அதே வேகத்தில் ஓடுவதற்குச் செலவான பிராணவாயு 8 சதவீதம் அளவுக்குக் குறைந்தது.

எஞ்சினைப் பெரிதாக்காமலே எரிபொருட் செலவைக் குறைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். தசைகள் பருப்பதன்று இதற்குக் காரணம். நரம்புகள் தசைநார்களை ஒரே வேளையில் தூண்டக் கற்றுக்கொள்கின்றன. காலின் நாண்கள் விறைப்படைந்து வில்லைப்போல் விசையைத் திருப்பித் தருகின்றன.

சுமை தாங்குவோரிடமும் இத்தகைய சிக்கனம் காணப்பட்டுள்ளது. கென்யா நாட்டுப் பெண்கள் சிலர் தம் உடல் எடையில் 20 சதவீதம் வரையுள்ள பாரத்தைத் தலையில் வைத்து நடந்தபோது, வெறுந்தலையோடு நடப்பதைவிட அதிகமான பிராணவாயுவைச் செலவிடவில்லை என்று 1986-இல் வெளியான ஆராய்ச்சி கூறியது. நிமிர்ந்த உடல் ஊசற்குண்டைப்போல் அடிதோறும் விசையைச் சேமித்துக் கொடுப்பதே இதற்குக் காரணம் எனப் பின்னர் விளக்கப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வயிற்றுப் பயிற்சியைத் தனியே செய்வதனால் ஓட்ட நேரம் குறையும் என்பதற்குச் சான்று குறைவு. சிக்கனம் உயர்ந்ததாகக் காட்டிய ஆராய்ச்சிகளில் கால்களின் வலிமைப் பயிற்சியே முதன்மை பெற்றது. நடுவுடற் பயிற்சி அதற்கு ஆதாரமாக அமைவதேயன்றி அதற்கு மாற்று ஆகாது.

நூறு முறை எழுந்தமர்தல்

மல்லாந்து படுத்துக் கைகளைத் தலைக்குப் பின் கோத்து, மீண்டும் மீண்டும் எழுந்தமரும் பயிற்சியே பல பள்ளிகளில் வயிற்றுப் பயிற்சி எனக் கருதப்படுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மக்கில் இதனை ஆராய்ந்தார். ஒவ்வொரு முறை எழும்போதும் கீழ்முதுகை அழுத்தும் விசை ஏறத்தாழ 3,300 நியூட்டன், அதாவது 340 கிலோகிராம் அளவு பாரத்துக்கு ஈடானது, எனக் கண்டார். தொழிலாளரின் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் 1981-இல் வகுக்கப்பட்ட எச்சரிக்கை வரம்பு 3,400 நியூட்டன் ஆகும். வளைந்த நிலையில் இவ்வழுத்தத்தை நூறு முறை தாங்குவது முதுகெலும்புத் தட்டுகளுக்கு நன்மை தராது. அமெரிக்கத் தரைப்படை தனது உடற்றகுதித் தேர்விலிருந்து இப்பயிற்சியை நீக்கி, 2022 முதல் உடலை அசையாமல் நேராகத் தாங்கும் பயிற்சியை வயிற்று வலிமைக்குரிய தேர்வாக வைத்தது.

இப்பயிற்சியால் தொந்தி கரையும் என்னும் நம்பிக்கையும் தவறானது. அமெரிக்காவில் 1984-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 13 ஆடவர் 27 நாட்களில் தலைக்கு 5,004 முறை எழுந்தமர்ந்தனர். உடலின் மற்றப் பகுதிகளைவிட வயிற்றில் கொழுப்பு அதிகமாகக் குறையவில்லை.

ஓட்டக்காரரின் வயிற்றுத் தசைகளுக்குரிய வேலை உடலை வளைப்பதன்று, வளையாமல் காப்பது. எனவே அவற்றை அசையாமல் தாங்கும் வேலையிலேயே பழக்குதல் அறிவுடைமை.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

அவ்வாறாயின், மட்டாஞ்சேரித் தொழிலாளரைப்போல் நாள்தோறும் மூட்டை சுமந்தால் போதாதா என்னும் ஐயம் எழலாம். போதாது. பாரம் சுமப்பவர் தம் உடல்நிலைக்கேற்ப எடையைக் குறைத்துக்கொள்ள இயலாது. களைத்த நாளில் ஓய்வு கொள்ளவும் இயலாது. ஒரே மாதிரியான பாரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் கழுத்தும் முதுகும் தேய்மானத்துக்கு உள்ளாகின்றன. வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967-இல் பரிந்துரைத்தது இதனாலேயே ஆகும்.

பயிற்சியில் பாரம் அளக்கப்படுகிறது, படிப்படியாக உயர்த்தப்படுகிறது, இடையே ஓய்வு தரப்படுகிறது. தசை வலுவடைவது ஓய்வின்போதே. ஆசிரியர் இம்மூன்றையும் மறந்து மாணவரை நாள்தோறும் வாட்டினால், அங்கு நடைபெறுவது பயிற்சி ஆகாது. ஊதியமற்ற உழைப்பே ஆகும். கேரளத்தின் களரியிலும் ஆயுதத்தைக் கையில் தருமுன், மெய்த்தாரி என்னும் உடற்பயிற்சியால் உடலைப் படிப்படியாகப் பக்குவப்படுத்துகின்றனர்.

செய்யத்தக்க பயிற்சிகள்

கீழ்க்கண்டவற்றுக்கு ஒரு பாயும் ஒரு மணல் மூட்டையும் போதும்.

1. முன்தாங்கல்: குப்புறப் படுத்து, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை உயர்த்துக. தலை முதல் குதிகால் வரை ஒரே நேர்கோடாக இருத்தல் வேண்டும். 10 விநாடி தாங்கி இளைப்பாறுக. 5 முறை செய்க.

2. பக்கத் தாங்கல்: ஒருக்களித்துப் படுத்து, ஒரு முழங்கையையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்துக. புதியவர் முழங்காலை ஊன்றலாம். ஒவ்வொரு பக்கமும் 10 விநாடி வீதம் 4 முறை.

3. எதிர்க்கை, எதிர்க்கால் நீட்டல்: முழங்கால்களையும் உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் ஒருங்கே நீட்டுக. இடுப்பு சாயலாகாது. பின்னர் மாற்றிச் செய்க. பக்கத்துக்கு 6 முறை.

4. அரை எழுச்சி: மல்லாந்து ஒரு முழங்காலை மடக்குக. கைகளைக் கீழ்முதுகின் வளைவுக்கு அடியில் வைத்து, தலையையும் தோள்களையும் தரையிலிருந்து சற்றே உயர்த்தித் தாங்குக. முதுகை வளைத்து எழுந்து அமரலாகாது. 6 முறை.

5. இடுப்புத் தூக்கல்: மல்லாந்து முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி இடுப்பை உயர்த்துக. 10 முறை. பழகியபின் ஒற்றைக்காலில் செய்க.

6. பஸ்கி, படியேறல், குதிகால் உயர்த்தல்: கால்களுக்குரிய இம்மூன்றையும் முதலில் வெறுங்கையோடும், பின்னர் மணல் மூட்டையை மார்போடு அணைத்தும் செய்க. ஒவ்வொன்றும் 8 முதல் 10 முறை, 2 அல்லது 3 சுற்று.

7. கயிறு தாண்டல்: 20 விநாடி வீதம் 5 முறை. இது நாண்களுக்கு வில்லின் தன்மையைத் தரும்.

இவற்றை வாரத்தில் 2 நாட்கள், இடையே 48 மணி நேரமாவது விட்டுச் செய்தால் போதும். நெடுந்தூரம் ஓடும் நாளுக்கு முந்தைய நாளைத் தவிர்த்தல் நலம். முன்தாங்கலை நிமிடக்கணக்கில் நீட்டிப் போட்டியிடுவதைவிட, 10 விநாடித் தாங்கலைச் செம்மையாகப் பன்முறை செய்வதே மேல். உடல் நேர்கோட்டை விட்டு விலகியவுடன் அம்முறை முடிந்ததாகக் கொள்ளவேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தாங்கும்போது மூச்சை அடக்கலாகாது. மூச்சுவிட்டவாறே வயிற்றை இறுக்கிவைக்கும் பழக்கமே ஓட்டத்தில் பயன்படும். மூச்சை அடக்குவது இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். இரவில் படுத்திருக்கையில் முதுகெலும்புத் தட்டுகள் நீரை ஏற்றுப் பருத்திருக்கும். ஆதலின் எழுந்தவுடன் முதுகை வளைக்கும் பயிற்சிகளைச் செய்வதைத் தவிர்த்து, சிறிது நேரம் நடந்தபின் தொடங்குதல் நன்று. குடலிறக்கம் உடையோர், கருவுற்றோர், அண்மையில் மகப்பேறு அடைந்தோர், காலுக்கு இறங்கும் முதுகுவலி உடையோர் ஆகியோர் மருத்துவரைக் கலந்த பின்னரே இவற்றில் ஈடுபட வேண்டும்.

வலிமைப் பயிற்சி பெண்களுக்கு ஏற்றதன்று என்று சிறுமியரை விலக்கி வைப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. 5 முதல் 17 வயது வரையுள்ள இருபாலாருக்கும் வாரத்தில் 3 நாட்களேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்கள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. கேரளத்தின் பிரீஜா ஸ்ரீதரன் 2010-இல் குவாங்சௌ ஆசியப் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கப்பதக்கம் பெற்றார். அதே மாநிலத்தின் ஓ. பி. ஜெய்ஷா 2015-இல் பெய்ஜிங் நகரில் மாரத்தான் தூரத்தை 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடினார். பெண்ணுடல் நெடுந்தூரத்துக்கு ஏற்றதன்று என்னும் பேச்சுக்கு இவை போதிய விடையாகும்.

பயன் விளைந்ததா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆசிரியர் திடலின் ஓரத்தில் நின்று, மாணவனின் முதற்சுற்றையும் கடைசிச் சுற்றையும் பக்கவாட்டிலிருந்து நோக்கவேண்டும். தோள் சரிகிறதா, இடுப்பு தாழ்கிறதா எனக் குறித்துக்கொண்டு, 8 அல்லது 9 வாரம் கழித்து மீண்டும் நோக்கினால் வேறுபாடு புலனாகலாம். கடைசிச் சுற்றில் தளரும் மாணவனை ஊக்கமற்றவன் என்று ஒதுக்குமுன், அவனுக்கு இச்சில வாரங்களை அளிப்பது ஆசிரியரின் கடமையாகும்.