கைகாட்டியின் பிழை காணும் முறை

காத்திவாக்கம் நிலையத்தில் நிற்போர், வடதிசையினின்று வரும் நெடுந்தூர வண்டிகள் நில்லாது விரைந்து செல்லக் காண்பர். ஹவுராவை அடுத்த ஷாலிமாரினின்று சென்னைக்கு வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸும் இவ்வழியே வருவது. பச்சை விளக்கொன்றையே நம்பி ஓட்டுநர் அத்துணை வேகமாய்ச் செல்கின்றார். அவ்விளக்குப் பொய்யுரைப்பின் விளைவு யாது? பொய்யுரையாவண்ணம் அதனை அமைப்பது எங்ஙனம்? இதனை யாம் ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம். நம் மாணவர் பலர் கணிப்பொறியில் ஆடும் மைன்கிராஃப்ட் விளையாட்டே இதற்கு நல்லதோர் சோதனைச்சாலையாகும்.

அவ்விளையாட்டில் ரெட்ஸ்டோன் என்னும் செந்தூள் மின்கம்பியின் தொழிலைச் செய்யும். அதன் விசை 15 என்னும் அளவில் தொடங்கி, கட்டந்தோறும் ஒன்று குறைந்து, 15 கட்டங்களுக்கு அப்பால் அற்றுப்போம். தன்மேல் வண்டி நிற்பின் விசை தரும் தண்டவாளத் துண்டும் அதன்கண் உண்டு. கைகாட்டி அமைக்கப் புகுவோர், ‘வண்டி வந்தால் விசை பிறக்கும், விசை வந்தால் சிவப்பு எரியும்’ என்று தூளைப் பரப்புவர். முதற் சோதனையில் யாவும் செவ்வனே நடக்கும். பின்னர் விளக்கைச் சிறிது தள்ளி வைப்பர். வண்டி நிற்கும்; விசை வழியிலேயே ஒழியும்; சிவப்பு எரியாது; பின்வரும் வண்டி வந்து மோதும்.

இந்நிலையில் அமைப்பு முழுவதையும் கலைத்தல் அறிவுடைமையாகாது. கம்பியின் நடுவே ஒரு விளக்கை வைத்துப் பார்க்க. எரியுமாயின் பிழை அதற்கு அப்பால், எரியாதாயின் இப்பால். பிழையுள்ள பாதியை மீண்டும் பாதியாக்குக. 64 கட்டங்களாயினும் ஆறே சோதனைகளில் பிழையுள்ள இடம் அகப்படும். விசை ஒழிந்த இடத்திற்குச் சற்று முன்னே, அதனைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டர் ஒன்றை வைத்தால் சிவப்பு எரியும்.

இவ்வளவில் அமைவது போதுமோ? போதாது. நாளை தூள் ஓரிடத்தில் அறுபட்டால் அதே ஆபத்து மீளும். இக்குறையை மெய்யான இருப்புப் பாதையிற் கண்டு தீர்த்தவர் அமெரிக்கராகிய வில்லியம் ராபின்சன். 1872-இல் அவர் உரிமைப் பட்டயம் பெற்ற முறையில், இரு தண்டவாளங்களின் வழியே மின்சாரம் இடையறாது ஓடி, மறுமுனையிலுள்ள ரிலேயை ஈர்த்துப் பிடித்திருக்கும். அங்ஙனம் பிடித்திருக்கும் வரையிலேயே கைகாட்டி வழி விடும். வண்டி புகுந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் மின்சாரத்திற்குக் குறுக்குவழியாகி, ரிலே விழ, அபாயக் குறி தோன்றும். மின்கலம் ஓயினும், கம்பி அறினும் தோன்றுவது அபாயக் குறியே. பிழை நேரின் வண்டி நிற்கவேண்டுமேயன்றி ஓடலாகாது என்பதே இதன் உட்கருத்து.

விளையாட்டிலும் இதனைச் செய்யலாம். ரெட்ஸ்டோன் பந்தம், தான் ஒட்டிய கட்டைக்கு விசை வந்தால் அணையும். விசை நீங்கினால் எரியும். கம்பியின் இரு முனையிலும் ஒவ்வொரு பந்தம் வைப்பின், பாதை காலியாயுள்ளபோது கம்பியில் விசை நிற்கும். வண்டி வந்தாலும் தூள் அறுந்தாலும் விசை நீங்கிச் சிவப்பு எரியும். பிழை தன்னைத்தானே காட்டிக்கொள்ளும்.

ஆயினும், கம்பி அறுந்தாற் காக்கும் இம்முறை, கம்பி மாறினாற் காவாது. 2023 ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவின் பஹநகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ப்பாதைக்குரிய பச்சை விளக்கு எரிந்தது. தண்டவாளமோ கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கு நின்ற சரக்கு வண்டியின்மேல் அது மோத, 290-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கைகாட்டி மின்சுற்றை மாற்றியமைத்ததில் நேர்ந்த குறைகளே காரணமென ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது.

ஆதலின், மாணவ நண்பர்காள், கம்பியைத் தொட்டபின் விளக்கு எரிவது கண்டு எழுந்துவிடற்க. விளக்குச் சொல்வதும் தண்டவாளம் நிற்பதும் ஒன்றேயோ என்று நேரிற் சென்று காண்க. பின்னர் ஒரு கம்பியை வேண்டுமென்றே கழற்றி, சிவப்பு வருகின்றதா என நோக்குக. விளையாட்டில் இப்பழக்கம் கைவரப்பெற்றவர், ஒருநாள் மெய்யான கைகாட்டியின் முன் நிற்குங்கால், முகமறியாப் பல்லாயிரவர் உயிருக்குக் காவலராவர்.