கிணற்றின் அடியில் இருக்கும் கடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழைதான் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கிணற்று நீராகிறது. அதே வெடிப்புகளூடாகக் கடலும் உள்ளே வந்து நிற்கிறது. இரண்டும் ஏன் கலந்துவிடுவதில்லை? ஒரு லீற்றர் நன்னீரின் நிறை 1000 கிராம். கடல்நீருக்கு ஏறத்தாழ 1025 கிராம். பாரம் குறைந்த மழைநீர் மேலே மிதக்கிறது. கலக்கிவிட அங்கே அலையடிப்பும் இல்லை. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனாலேயே.

இந்த 25 கிராமில்தான் நமது தோட்டங்களின் சீவன் தங்கியிருக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த 1 அடியை இறைத்து முடித்து, மழையும் அதை நிரப்பாவிட்டால், உப்புநீர் அந்த 40 அடியும் மெல்ல மேலேறும்.

துலா மிதித்த காலத்தில் ஆள் களைத்து நிற்க, கிணறு ஊறியது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. எனவே ஊர் திரும்பித் தோட்டம் தொடங்குவோர், ஒரே மூச்சில் வற்ற இறைக்காமல் காலையும் மாலையுமாகப் பிரித்து இறையுங்கள். நீர் போதாதென்று கிணற்றை ஆழமாக்குவது உப்புக்குக் கிட்டப் போவதேயாகும். வெங்காயம் உப்பைத் தாங்காது. தாள் நுனி கருகக் கண்டால், முதலில் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்.