பெண் கேட்கப் போகும் வெற்றிலைத் தட்டு

மாணவர்களே, பிப்ரவரி 14 நெருங்கினால் ஜொகூர் பாரு பேரங்காடிகளில் ரோஜாவும் சாக்லேட்டும் குவிந்துவிடும். ஜப்பானில் அன்றைக்குப் பெண்கள்தாம் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். ஆண்கள் ஒரு மாதம் கழித்து, மார்ச் 14இல், பதில் பரிசு தருவார்கள். நம் நாட்டிலோ, சீனர்களின் சாப் கோ மே நாளன்று இளம்பெண்கள் நல்ல துணை வேண்டி ஆரஞ்சுப் பழத்தை நீரில் எறிவதுண்டு. இருக்கட்டும். இவற்றுக்கெல்லாம் சளைக்காத ஒரு பழைய பரிசு உங்கள் வீட்டுத் தாம்பாளத்திலேயே இருக்கிறது: பாக்கும் வெற்றிலையும்.

மலாய்த் தோழியின் அக்காவுக்கு நிச்சயதார்த்தம் என்றால் போய்ப் பாருங்கள். சீர்த்தட்டுகள் ஒற்றைப்படையில்தான் வரும். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து கொண்டுவந்தால், பெண் வீட்டார் பெரும்பாலும் ஏழாகத் திருப்பித் தருவார்கள். வரிசைக்கு முன்னால் செல்வது, வெற்றிலையை அடுக்கிப் பூவால் அலங்கரித்த 'சிரே ஜுன்ஜோங்'. பெண் கேட்பதை மலாய்மொழியில் 'மெமினாங்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் 'பினாங்' என்றால் பாக்கு! பினாங்குத் தீவுக்குப் பெயர் தந்ததும் அதுவே. நாம் மட்டும் என்ன? நிச்சயம் செய்யும் சடங்கையே 'நிச்சயதாம்பூலம்' என்கிறோமே.

இலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. பிறகு மெல்பவரின் வாய் எப்படிச் சிவக்கிறது? பாக்கில் பாலிஃபீனால் என்னும் துவர்ப்புப் பொருள்கள் நிறைய உள்ளன. சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, ஒரு காரம். அந்தக் காரத்தன்மையில் பாலிஃபீனால்கள் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து சிவப்பு நிறப் பொருளாகின்றன. நாக்கு நன்றாகச் சிவந்தால் கணவனுக்கு ஆசை அதிகம் என்று பாட்டிமார் கேலி பேசுவார்கள். வேதியியல் ஆசிரியரைக் கேட்டால், சுண்ணாம்பைப் பற்றித்தான் பேசுவார்.

'தெப்பாக் சிரே' என்னும் மலாய் வெற்றிலைப் பெட்டியில் பாக்கு, சுண்ணாம்பு, பாக்குவெட்டியோடு இன்னொன்றும் இருக்கும். அதுதான் கம்பிர். நம் காசுக்கட்டியைப் போலத் துவர்க்கும். ஒரு கொடியின் இலைகளைக் கொதிக்கவைத்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக்குவார்கள். தோல் பதனிடவும் சாயமேற்றவும் இது தேவைப்பட்டதால் ஐரோப்பாவில் நல்ல விலை கிடைத்தது. 1844 முதல் தெமெங்கோங் இப்ராஹிம், 'சூராட் சுங்கை' என்னும் ஆற்று உரிமைச் சீட்டுகளைக் கொடுத்துச் சீனக் குடியேறிகளை ஜொகூருக்கு வரவழைத்தார். ஆற்றுக்குத் தலைவர் 'காங்சூ'. அவருடைய குடியிருப்பு 'கங்கார்'. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று சாலைப் பலகைகளில் நீங்கள் படிக்கும் பெயர்கள் அப்படி வந்தவையே.

கம்பிரோடு மிளகையும் நட்டார்கள். காய்ச்சியபின் மிஞ்சிய இலைச்சக்கை மிளகுக்கு எருவானது. நல்ல சிக்கனம்தான், ஆனால் அடுப்புக்கு விறகாகக் காடு போனது, மண்ணும் சீக்கிரமே சத்திழந்தது. தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். பிறகு ரப்பர் வந்தது. பால்மரம் வெட்ட நம் கொள்ளுப்பாட்டன்மாரும் வந்தார்கள். காங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. ஜொகூர் அரசுச் சின்னத்தில் மட்டும் கம்பிரும் மிளகும் இன்றும் இருக்கின்றன.

இந்தப் பரிசில் ஓர் ஆபத்தும் உண்டு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நெடுநாள் மென்றால் கன்னத்தின் உட்புறத் தசை இறுகி, வாயைத் திறப்பதே சிரமமாகலாம். தட்டில் வைத்து மரியாதை செய்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை, மெல்லுவதுதான் சிக்கல். உங்கள் வீட்டில் பாக்கு போடும் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். திறக்க முடியவில்லை என்றாலோ, வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ தெரிந்தாலோ, பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.