ஓட்டு எந்த ஊரில்? எல்லைத் தமிழர் அறிய வேண்டியவை

குமுளி: கம்பத்தில் சொந்த வீடு, பிழைப்போ குமுளி ஏலத் தோட்டத்தில். ஓட்டு எந்த ஊரில்?

2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் ஏப்ரல் 19-லும், கேரளத்தில் 26-லும் வாக்குப்பதிவு நடந்தது. நாள் வேறு என்பதால் இரு பக்கமும் ஓட்டுப் போடலாம் என்று எண்ணுவது தவறு. இரு தொகுதிகளின் பட்டியலில் ஒருவர் பெயர் இருக்கக் கூடாது. இரண்டிலும் ஓட்டளித்தால் இரண்டுமே செல்லாது. பொய்த் தகவல் கொடுத்துப் பெயர் சேர்த்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

வீடு இருப்பது மட்டும் சட்டத்தின் முன் போதாது. வழக்கமாக வசிக்கும் ஊரே கணக்கு. லயத்தில் குடும்பத்தோடு நிலையாக இருப்பவர் இங்கேயே, பீர்மேடு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராகலாம். தற்காலிகமாக வேலைக்கு வந்தவர் சொந்த ஊர் ஓட்டை இழக்க வேண்டியதில்லை.

18 வயது நிறைந்த புதியவருக்கு 6-ஆம் படிவம். குடி மாறியவருக்கு 8-ஆம் படிவம். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். வேட்புமனுக் கடைசி நாளுக்குப் பின் பெயர் சேர்க்க முடியாது.

அடையாள அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. சாவடி வாசல் வரை போய், ஒரு நாள் கூலியையும் இழந்து திரும்புவதைவிட, இப்போதே பட்டியலைப் பார்ப்பது நலம்.

- நமது நிருபர்