எங்கள் தெருவை யார் எழுதுவது?

அம்பேத்கர் பிறந்த நாளையொட்டி, தொரப்பள்ளிப் பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்து மாலைப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தோம். தலைப்பு 'எங்கள் ஊர்'. பதினோரு பேர் எழுதிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒன்பது தாள்களின் முதல் பத்தி ஒன்றுபோலவே இருந்தது. மூதறிஞர் ராஜாஜி பிறந்த புண்ணிய பூமி, சலசலத்து ஓடும் தென்பெண்ணை, வேற்றுமை இல்லாமல் ஒன்றாக வாழும் மக்கள்.

யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. எல்லோரும் செல்போனில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ராஜாஜி 1878-ல் இங்கே பிறந்தது உண்மை. அவர் வீடு நினைவு இல்லமாக இருப்பதும் உண்மை. ஆனால் கெலவரப்பள்ளி அணையில் ரசாயன நுரை பொங்கி வழிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் தாளில் ஆறு எப்படிச் சலசலக்கிறது? வேற்றுமை இல்லாத மக்கள் என்ற வரியை எந்தத் தெருவில் நின்று எழுதியிருக்க முடியும்?

மீதி இரண்டு தாள்களில் ஒன்று ஒன்பதாம் வகுப்பு மாணவியுடையது. அவளுடைய அம்மா பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் கூலி வேலைக்குப் போகிறவர். "எங்க அம்மா ரோஜாவைக் கட்டும்போது முள்ளை எடுத்துடும். அம்மா கையில இருக்கிற முள்ளை ராத்திரி நான் எடுப்பேன். எங்க தெருவுக்கு கவர்மென்ட் பஸ் வராது, கம்பெனி பஸ் மட்டும் வரும்" என்று எழுதியிருந்தாள். பத்து வரிகூட இல்லை. எழுத்துப் பிழை ஏராளம். பரிசு அதற்குத்தான் என்று முடிவு செய்ய எங்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மற்ற பிள்ளைகளுக்கு வருத்தம். "நல்ல தமிழ்ல இருந்துச்சே சார்" என்றான் ஒருவன். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

இந்தக் கருவி தானாக எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. இதுவரை உலகத்தார் எழுதிக் குவித்ததைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து அடுக்குகிறது. நம்மைப் பற்றி அதிகமாக எழுதியவர்கள் நாம் இல்லை. அதனால் அது நம்மைப் பற்றிச் சொல்லும்போது, பிறர் நம்மைப் பற்றிச் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது.

2025-ல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. பெங்களூரில் சமூகவியல் ஆய்வு நல்கைக்கு விண்ணப்பித்த ஒரு தலித் ஆய்வாளர், தம் ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்தச் சொல்லி விண்ணப்பத்தை சாட்ஜிபிடியிடம் கொடுத்தார். அது மொழியோடு சேர்த்து அவருடைய குடும்பப் பெயரையும் திருத்திவிட்டது. அவர் பெயர் இருந்த இடத்தில் 'சர்மா' என்று இருந்தது! அதே இதழ், சாதி பற்றிய வாக்கியங்களில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி ஜிபிடி-5 மாதிரியைச் சோதித்தது. கெட்டிக்காரர் யார், சாக்கடை அள்ளுபவர் யார் என்பது போன்ற கேள்விகள். முக்கால்வாசி இடங்களில் அது பழைய சாதிப் புத்தியையே விடையாகத் தந்தது.

நம்மவர்கள் பேனா பிடித்தது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைப்பிலேயே போட்ட துணிச்சல் அது. அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907-ல் வந்தது. அவர் மறைந்த பின், நம் மாவட்டத்துக்கு அடுத்த கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மறுபடி நடத்தினார். தங்கச் சுரங்கத்தில் இறங்கி ஏறிய நம் உறவுகளின் நடுவே அந்தத் தாள் புழங்கியது. அப்படியிருந்தும் பண்டிதரின் எழுத்துகளைத் தொகுதிகளாகத் திரட்டி ஞான. அலாய்சியஸ் வெளிக்கொணர 1999 ஆகிவிட்டது. இவ்வளவு காலம் பரணில் கிடந்ததை இயந்திரம் எங்கே போய்ப் படித்திருக்கும்?

பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தபோது அதன் பேச்சுமொழியைக் கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அது பல்கலைக்கழகங்களில் பாடம். அன்றைக்கு ஒரு செயலி இருந்து, அந்தக் கையெழுத்துப் பிரதியை 'நல்ல தமிழ்' ஆக்கித் தந்திருந்தால்? நினைத்தாலே பகீரென்கிறது.

இதற்காக அந்தக் கருவியைத் தொடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் காசு கொடுத்து மனு எழுதி வாங்கிய தலைமுறை நம்முடையது. பட்டா மனு, தகவல் அறியும் உரிமைச் சட்ட விண்ணப்பம், உதவித்தொகைக்கு ஆங்கிலக் கடிதம் இதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அனுப்பும் முன் பெயர், ஊர், சாதிச் சான்று எண், சட்டப்பிரிவு எல்லாவற்றையும் ஒரு முறை விரல் வைத்துப் படியுங்கள். அது இல்லாத சட்டப்பிரிவைக்கூடக் கூசாமல் எழுதும்.

கூலிக் கணக்கு ஒன்றும் இதில் இருக்கிறது. 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் அமீது இருவரின் குரலை ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவு மூலம் பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். பெங்களூரின் கார்யா நிறுவனம் கர்நாடகக் கிராமத்து மக்களைக் கன்னடத்தில் பேசிப் பதியவைத்து, மணிக்கு சுமார் 5 டாலர் கொடுத்ததாக 2023-ல் செய்தி வந்தது. ஆக, குரலுக்கும் சொல்லுக்கும் விலை உண்டு. நம் பாட்டிமார் ஒப்பாரியையும் பறை அடவையும் வீடியோ எடுக்க யார் வந்தாலும், எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

பரிசு வாங்கிய பெண் விழாவுக்கு முந்தின நாள் வந்தாள். "பிழையை மட்டும் போன்ல திருத்திக்கட்டுமா?" என்று கேட்டாள். சரி என்றோம். மறுநாள் கொண்டுவந்த தாளில் 'எங்க அம்மா' போய் 'என் அன்னை' வந்திருந்தார். முள் இல்லை. அதற்குப் பதிலாக 'கடின உழைப்பின் வலிகள்' இருந்தன. கம்பெனி பஸ் வரியே காணோம்.

அவளே படித்துப் பார்த்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, 'அன்னை'யை அடித்துவிட்டு மேலே 'அம்மா' என்று எழுதினாள். முள்ளை எழுதும்போது மட்டும் நிமிர்ந்து, "மூணு சுழி 'ண்'-ணா, ரெண்டு சுழி 'ன்'-ஆ, ஒண்ணும் இல்லாத 'ள்'-ளா சார்?" என்றாள்.