ஒரு மார்ச் பனிப்புயலும் முன்னறிவிப்பின் அதிகாரமும்

2017 மார்ச் 13, திங்கட்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவையைச் சேர்ந்தவர்கள் தொலைபேசியில் கலந்து பேசினார்கள். மறுநாள் நியூயார்க்கில் ஓரடிக்கு மேல் பனி கொட்டும் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. புதிதாக வந்த கணினிக் கணக்குகளோ அவ்வளவு விழாமல் போகலாம் என்று காட்டின. எண்ணைக் குறைக்கலாமா? வேண்டாம் என்று முடிவாயிற்று. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 7.6 அங்குலம். நடந்ததைப் பிறகு செய்தியாளர்களிடம் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

கணிப்பு தப்புவது புதிதில்லை. தப்பக்கூடும் என்று தெரிந்த பின்னும் அந்த எண் ஏன் அப்படியே விடப்பட்டது என்பதைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் மார்ச் பனி ஏன் இப்படிப் படுத்துகிறது என்று பார்ப்போம். (பனித்துளி, மூடுபனி, உறைபனி எல்லாவற்றையும் ‘பனி’ என்ற ஒரே சொல்லில் ஒப்பேற்றுகிற நமக்கு இது கொஞ்சம் சிரமம்தான்.) வானிலையாளர் கணக்கில் மார்ச் 1 அன்றே வசந்தம் வந்துவிடுகிறது. வெயில் ஏறிவிட்டது, கனடாவின் குளிர்காற்று இன்னும் தீர்ந்தபாடில்லை. இரண்டும் முட்டிக்கொள்ளும் அட்லாண்டிக் கரையோரத்தில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வலுத்து வடகிழக்கே ஏறுகிறது. அதன் பாதை கடலுக்குள் சற்றுத் தள்ளியிருந்தால் நகரத்தில் பனி. கரையை ஒட்டி வந்துவிட்டாலோ, கடற்பக்கத்து வெதுவெதுப்பான காற்று சில ஆயிரம் அடி உயரத்தில் புகுந்து பனியை நடுவழியிலேயே உருக்கிவிடும். கீழேயுள்ள குளிரில் அது மறுபடி உறைந்து ஸ்லீட் எனப்படும் பனிக்கட்டிக் குறுமணிகளாக விழும், இல்லையென்றால் மழைதான். ஓர் அங்குல மழைக்கான நீர் பனியானால் ஏறத்தாழ 10 அங்குலம் நிற்கும், ஸ்லீட்டானால் இரண்டு மூன்று. பாதை கொஞ்சம் விலகினால் போதும், எண் பாதியாகிவிடும். அன்று நடந்தது இதுதான். உள்ளே தள்ளியிருக்கிற பிங்ஹாம்டனில் 30 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. புயல் பொய்யில்லை.

இந்த ஐயத்தை அளக்கவும் வழியுண்டு. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே கணக்கைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பது 1992 டிசம்பரிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடைமுறையில் இருக்கிறது. கிடைப்பது ஒரு எண் அல்ல, பல சாத்தியங்கள். ஆக, நிறுவனம் தனக்குள் பன்மையாக யோசிக்கிறது. வெளியே வரும்போது ஒற்றைக் குரலில் பேசுகிறது.

கடைசி நேரத்தில் மாற்றினால் ஜனங்கள் குழம்புவார்கள், அசட்டையாகிவிடுவார்கள், ஸ்லீட்டும் சாலையில் ஆபத்துதானே என்பது அவர்கள் தரப்பு. இதில் நியாயமில்லாமல் இல்லை. 1888 மார்ச்சில் சரியான எச்சரிக்கையில்லாமல் வந்த பனிப்புயலில் சுமார் 400 பேர் செத்த பிரதேசம் அது. ஆனால் ஜனங்கள் குழம்புவார்கள் என்பதும் ஒரு கணிப்புதானே? அதற்கு எந்தக் கணினியும் ஓட்டப்படவில்லை. மேலிருந்து கீழே பார்க்கிற பார்வை அது. அறிவு நம்மிடம், பயம் மட்டும் அவர்களிடம் இருந்தால் போதும் என்கிற பார்வை.

2015 ஜனவரியிலும் இதே நகரத்துக்கு இரண்டடி என்று சொல்லி, சுரங்க ரயில்களை நிறுத்தி, பத்து அங்குலத்துக்குள் முடிந்தது. அப்போது கணிப்பாளர் ஒருவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2017-இல் பள்ளிகளை மூடினார்கள், தரைக்கு மேல் ஓடும் ரயில்களை நிறுத்தினார்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குகிற ஒரு பெண்ணுக்கு அன்றைய சம்பளம் போகும். பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வியும் கூடவே வரும். போகலாமா வேண்டாமா என்று முந்தின நாள் சாயங்காலமே முடிவு செய்ய வேண்டியவள் அவள். குறையக்கூடும் என்ற தகவல் அந்தச் சாயங்காலம் இருந்தது. அவளிடம் இல்லை.