வயலில் ஒரு பெரல் டீசல்: லாபமா, நஷ்டமா?

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மில் பலர் விவசாயிக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்து, அறுவடையில் பணம் எடுப்பவர்கள். ஆகவே அவர் டீசலை எப்படி வாங்குகிறார், எப்படி வைக்கிறார் என்பது நமது கடன் கொப்பியோடும் சம்பந்தப்பட்ட விடயம்.

நமது நாட்டில் 5 லீற்றர் வாங்கினாலும் 200 லீற்றர் வாங்கினாலும் பம்பில் ஒரே விலைதான். பிரித்தானியாவில் பண்ணைக்காரர் பலர் ஒன்றுசேர்ந்து ஓடர் கொடுத்து, பவுசரை வீட்டு வாசலுக்கே வரவழைத்து விலை குறைத்துக்கொள்கிறார்கள். விவசாயத்துக்கென வரி குறைந்த சிவப்புச் சாயமிட்ட டீசலும் அங்கே உண்டு. இங்கே அந்த வசதி இல்லை. அப்படியானால் நமது விவசாயி ஏன் மொத்தமாக வாங்குகிறார்? வயலிலிருந்து ஷெட்டுக்குப் போய்வரும் செலவு மிச்சம். அதைவிட முக்கியம், வெட்டும் நாளில் கையில் டீசல் இருக்க வேண்டும். பெரும்போக அறுவடையில் மழை குறுக்கிட்டால் ஒரு நாள் தாமதமும் நெல்லைக் கெடுக்கும்.

2022இல் இதை எல்லோரும் கண்டோம். 2021 டிசம்பர் கடைசியில் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவானது. இரண்டு பெரல், அதாவது 400 லீற்றர், 48,400 ரூபாவிலிருந்து 184,000 ரூபாவுக்குப் போனது. கேனில் எரிபொருள் கொடுப்பதும் தடுக்கப்பட்டது. அவ்வருடம் ஓகஸ்டில் நாடு முழுவதும் கியூஆர் முறை வந்து, 2023 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது.

இதைப் பார்த்துவிட்டு, இனி நிறையச் சேர்த்து வைப்போம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். விலை ஏறும் என்று வாங்கி வைத்தால், இறங்கும்போது நஷ்டமும் நமதே. பணம் பெரலுக்குள் முடங்கும். உரிமம் இல்லாமல் அளவுக்கு மிஞ்சிச் சேர்ப்பதும் விற்பதும் சட்டத்துக்கு விரோதம். பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

டீசல் பழுதாகாத பொருள் என்று நினைப்பதும் தவறு. நன்றாக வைத்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இருக்கும். அதற்கு எதிரி தண்ணீர். பாதி காலியான பெரலில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ளே வியர்த்து, நீர் அடியில் தங்கும். நீரும் டீசலும் சேருமிடத்தில் கிருமி வளர்ந்து சளி போலப் படியும். அது பில்டரை அடைக்கும், இன்ஜெக்டரைக் கெடுக்கும். மிச்சம் பிடித்த காசு ஒரே ரிப்பெயரில் போய்விடும்.

செய்ய வேண்டியவை சொற்பமே:

பெரலை நிழலில், கல் அல்லது பலகை மேல் வைக்கவும். சூட்டில் டீசல் விரியும் என்பதால் இருபதில் ஒரு பங்கு இடம் விட்டு, மிச்சத்தை நிரப்பி வைக்கவும். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

நாகம் பூசிய தகர வாளி, டாங்கி வேண்டாம். டீசல் நாகத்தோடு சேர்ந்து கெடும்.

கைப்பம்பின் குழாய் அடியைத் தொடாமல் மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். புனலில் வடி வைத்து ஊற்றவும். வாங்கிய திகதியைப் பெரலில் எழுதி, பழையதை முதலில் பாவிக்கவும்.

பெற்றோலை இப்படி வைக்கவே கூடாது. டீசல் சாதாரண சூட்டில் இலகுவில் தீப்பற்றாது. பெற்றோலின் ஆவியோ ஒரு பொறிக்கே பற்றும். வீட்டிலோ, நெல் மூட்டை அடுக்கிய இடத்திலோ அதை வைப்பது உயிருக்கு ஆபத்து.

வேலைக்கு எத்தனை லீற்றர் என்று ஏக்கர் கணக்கில் எழுதிப் பார்த்து, அந்த அறுவடைக்கும் சற்று மேலதிகமாகவும் வாங்குபவரே கெட்டிக்காரர். அடுத்த போகத்துக்குக் கடன் கேட்டு வருபவரிடம் விதை, உரம் பற்றிக் கேட்பதோடு, வெட்டு நாளுக்கு டீசல் என்ன ஏற்பாடு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.